இடுப்பில் ஒரு விரற்கடை

பனி இறங்கிய காலையில் எடுக்கிற முகங்கள்தான் அழகாக வரும், இன்ஸ்பெக்டர் மேடம். ஏற்காட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு அது ஒரு வசதி. ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்தில் அந்த வசதியை வைத்துத்தான் இத்தனை காலம் பிழைத்தேன்.

ஜோஸ்லினை நான் தொட்டதுகூட இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை ஈவ்லினிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். மாரமங்கலத்தில் காப்பி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் ஷெர்வினுக்கு அவளைக் கேட்டார்கள். நான் அனுப்பிய போட்டோ பிடித்துப்போய்த்தான் வந்தார்கள். ஈவ்லின் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். ஷெர்வினின் தங்கை ஜோஸ்லின் கையிலிருந்த போனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க, போட்டோல இருக்கற அக்கா உள்ள இருக்காங்களா? வரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், ஷெர்வினும்தான். சம்பந்தம் அத்தோடு நின்றது.

அதன் பிறகு ஈவ்லின் பட்டினி கிடப்பாள். தாங்காமல் ஒருநாள் சட்டியோடு சோற்றைத் தின்பாள். தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு அழுவாள்.

"எலும்பு தெரியுது கண்ணு" என்பேன்.

"உனக்குக் கண்ணு தெரியலண்ணா. நான் நொம்பப் பெருத்துட்டேன்."

சேலத்தில் ஒரு டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இந்த நோய் உள்ளவர்களுக்கு அவர்கள் உடம்பின் படத்தையே காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்களாம். பாம்பைக் கண்டால் விழித்துக்கொள்கிற இடம், தங்கள் படத்தைக் கண்டாலே விழித்துக்கொள்ளுமாம். படத்தைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டினால் இன்னும் அதிகமாம். கண்ணாடி காட்டுவதை மூளை நம்பாது, பயம் சொல்வதைத்தான் நம்பும் என்றார். நல்ல மனிதர். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் ஈவ்லின் போய்விட்டாள். உடம்பில் உப்புச்சத்து இறங்கி இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

மறுவருடம் ஜோஸ்லின் என் கடைக்கு வந்தாள், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுக்க. தான் சொன்னது அவளுக்கு ஞாபகமே இல்லை. "கொஞ்சம் நல்லா எடுங்கண்ணா" என்று சிரித்தாள். அதே சிரிப்பு.

கம்ப்யூட்டரில் அவளைச் சற்று அகலப்படுத்தினேன். யாருக்கும் தெரியாத அளவுதான்.

"இவ்வளவு பெருசாவாண்ணா இருக்கறேன்?"

"கேமராவுக்கு என்னங்க தெரியும், இருக்கறதைத்தானே எடுக்குது."

பிறகு நிச்சயதார்த்தம், மாதா கோயில் பாடகர் குழு, காப்பி பூத்திருந்தபோது தோட்டத்தில் எடுத்த படங்கள். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கொஞ்சம் கூட்டினேன். அவள் மெலிய மெலிய எனக்கு வேலை அதிகமானது. தாடை எலும்பை மூட வேண்டியிருந்தது. தோளைத் திரட்ட வேண்டியிருந்தது. நிச்சயதார்த்த விருந்தில் அவள் எல்லோருக்கும் முன்னால் நிறையச் சாப்பிட்டதையும், எழுந்து போய் வெகுநேரம் வராமல் இருந்ததையும் பார்த்தேன். கண் சிவந்து திரும்பினாள். எனக்குப் பழகிய சிவப்பு.

எல்லா மூளையும் இப்படி ஆவதில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். அவளுடையது ஆகாமல் இருந்திருந்தால் நான் விட்டிருப்பேன்.

கோயிலில் அவளுடைய கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாம் வாரமாக, கடைசியாக வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டுக்கு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். மலை இறங்கும்போதே உயிர் போய்விட்டது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டு ஷெர்வின் வந்தான். நான் கைவைக்காத படத்தைத் திரையில் போட்டேன். தோட்டத்தில் எடுத்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இது எப்ப எடுத்ததுங்க?"

"காப்பி பூத்தப்ப தோட்டத்துல எடுத்தமே, அதேதாங்க. உங்க ஊட்டுக்குக் குடுத்தது இந்தா, இது." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவன் பார்க்க வேண்டும் என்றுதானே இவ்வளவும். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருக்கிறான்.

ஆமாம், அவளைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பெண் பார்க்க அனுப்பிய படத்தில் ஈவ்லின் எப்படி அத்தனை மெலிவாக இருந்தாள் என்று கேட்கிறீர்கள். இடுப்பில் ஒரு விரற்கடை குறைத்தேன், கன்னத்தில் கொஞ்சம். தங்கைக்கு நல்ல இடம் அமையட்டும் என்று எந்த அண்ணனும் செய்வதுதான். "இது நானாண்ணா?" என்று அவளும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கல்லறையில் பதித்திருப்பதும் அந்தப் படம்தான். போய்ப் பாருங்கள். பெட்டியில் வைத்தபோது அவள் அச்சாக அப்படியேதான் இருந்தாள், மேடம்.