மேல் அறை இரைச்சல்

வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்றில் இருந்தால் வெளியே பனி கொட்டுவதுகூடத் தெரியாது. ஸ்காபரோவில் வீடு வாங்கியபோது எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்த இடம்தான். கிளடிஸ் மிஸ், நான் சொல்வதை அப்படியே இங்கிலிஷில் பொலிஸ் அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

வேலை போனபின் பகலில் இன்ரநெற்றில் செஸ் விளையாடினேன். இன்ரநெற் வரும் ரெலிபோன் வயர் மேல்தளத்தோடு நின்றுவிட்டது. வயர் இழுக்காமல் லைனைக் கீழே கொண்டுவர, கரண்ட் பிளக்கில் செருகும் ஒரு சோடிப் பெட்டி வாங்கினேன். லைன் வந்தது, அடிக்கடி அறுந்தது. அறுந்தால் ஆட்டம் தோல்வி. வெல்லவேண்டிய ஆட்டத்தை அப்படித் தோற்பது மனிதனை அரித்துவிடும்.

இன்ரநெற் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். லைனை அறுத்தது மைக்ரோவேவ் இல்லை. கோட்லெஸ் போனும் இல்லை. அண்ணையின் தலைமாட்டுப் பெட்டிதான்.

என் அண்ணை நவரட்ணம் பாரிசவாதத்தில் மேலே படுக்கையாய்க் கிடந்தார். என்னைக் கனடாவுக்கு எடுத்தவர். எச்சில்கூட அவருக்குப் புரையேறும். நிமிர்த்தி முதுகில் தட்டினால் சரியாகிவிடும். அதற்காக என் மனைவி ஜெயமலர் குழந்தை அழுவதை வேறு அறையில் கேட்க வைக்கும் பேபி மொனிற்றர் வாங்கி, ஒரு பெட்டியை அவர் தலைமாட்டிலும் மற்றதை என் மேசையிலும் வைத்தாள். மேலே சத்தம் வந்தால் மட்டும் அதுவும் கரண்ட் வயர் வழியே வேலை செய்யும். அண்ணை இருமினால் என் லைன் அறுந்தது.

"உதை நிப்பாட்டிப் போடாதேங்கோ, என்ன? விக்கினால் அவரால ஒண்டும் செய்ய ஏலாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயமலர் வேலைக்குப் போவாள்.

"ஓம், தெரியும்" என்பேன்.

அந்தப் பெட்டியில் அலைவரிசையை மாற்ற ஒரு சின்ன விசை இருக்குமே, ஏன் மாற்றவில்லை என்று அதிகாரி கேட்கிறார். நியாயமான கேள்வி. மாற்றினேன். அதற்குப்பிறகு லைன் அறுந்ததே இல்லை. ஆனால் அவருடைய சத்தம் முன்னைவிடத் துப்புரவாகக் கேட்டது. மூச்சு, கனைப்பு, "தம்பி, தம்பி." அதற்கு விசை இல்லை.

அன்று நான் வெல்லும் நிலையில் இருந்தேன். எதிராளி நல்ல ஆட்டக்காரர். பெட்டியில் அண்ணைக்குப் புரையேறும் சத்தம் கேட்டது. நான் போகவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. உடனே மேலே போனேன். முகம் நீலம் பாய்ந்திருந்தது. நல்ல கையால் என் சட்டையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், எடுத்துவிட்டேன். தலைமாட்டுப் பெட்டியை நிறுத்தினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, வாறன்" என்றேன்.

கீழே வந்து ஆட்டத்தை வென்றேன். வென்ற கையோடு படியேறினேன், இடையில் எங்கும் நிற்கவில்லை. அவர்தான் பொறுக்கவில்லை. நான் சொன்ன சொல் தவறவில்லை.