பாலத்தின் மேல் இரண்டு ஆரஞ்சுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் மலைக்கோயில் குரு என்யூ அவர்களே, எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, மறைந்த அம்மையாரின் தங்கை அவர்களே, வெவ்வேறு ஊர்களிலிருந்து ஓடிவந்திருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தக் கசாயின் வணக்கம்.

நான் இலக்கிய ஆசிரியன். இயற்பியல் மேதை இசொகாய் ஃபுமியே அம்மையாரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? அவர் பிள்ளைகளை மலைப்பாதையில் கூட்டிப்போய் நடத்திய நடை வகுப்பில், இருபது வசந்தங்கள் அவர் பின்னால் சோற்று மூட்டையைச் சுமந்து நடந்தேன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

நம் ஷிகோக்குத் தீவின் யாத்திரைப் பாதையில் புண்ணியம் தேடி நடந்தவர்கள் ஆயிரம் ஆயிரம். நியூட்டனைத் தேடி நடந்தவர் யார்? இசொகாய் அம்மையார். மலைப்படியில் நெம்புகோலைக் காட்டியவர் யார்? இசொகாய் அம்மையார். அழுதுகொண்டே வகுப்புக்கு வந்தவர்களைச் சிரித்துக்கொண்டே மலையேற வைத்தவர் யார்? அவரேதான்.

குரு அவர்களே, அந்த மணி நினைவிருக்கிறதா? கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மணியடித்தால் சேர்த்த புண்ணியம் போய்விடும் என்பது நம் வழக்கம். எங்கள் பிள்ளைகள் வெளியேறும் நேரம் பார்த்து மணியை நெருங்கினார்கள். குரு குறுக்கே வந்து நின்றார்.

"யாரும் மணிய அடிக்கக் கூடாது. டீச்சர், நீங்களே இதுக்குத் துணை போகலாமா?"

"அடிக்க மாட்டோம் சாமி. ஒத்த விரலால தொட்டு ஆட்டப் போறோம்."

"நாலு ஆள் தூக்க முடியாத மணி, விரலுக்கு ஆடுமா? ஆடிட்டா எல்லாருக்கும் உதோன் நூடுல்ஸ் என் செலவு."

அம்மையார் விரலை வைத்தார். மெல்லத் தள்ளினார், விட்டார். மணி போய்த் திரும்பும் நேரம் பார்த்து மறுபடி தள்ளினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. குரு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மணி தலையாட்டத் தொடங்கியது, குருவின் சிரிப்பு நின்றது. தானும் முயன்று, அவசரத்தில் தாளம் தப்பித் தள்ளி, ஆடிய மணியையும் நிறுத்தினார். அன்று குரு வாங்கித் தந்த உதோனை நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

அடுத்தது பாலம். அதன் அடியில் இந்த யாத்திரையின் ஆதிகுருவான மகான் தாய்ஷி உறங்குகிறார் என்பதால் பாலத்தின் மேல் யாத்திரிகர் கைத்தடியை ஊன்றுவதில்லை. அங்கே நின்று அம்மையார் இரண்டு கற்களை எடுத்தார், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இதோ முன்வரிசையில் இருக்கும் கனாயே, இன்று பேருந்து ஓட்டுகிறவள், அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், தடி சத்தமே ஆகாதுங்குறோம். தூங்குறவர் தலையில கல்லப் போடுவீங்களா?"

அம்மையார் கல்லைக் கீழே வைத்தார். என் மூட்டையிலிருந்து பெரிதும் சிறிதுமாக இரண்டு ஆரஞ்சுகளை எடுத்தார்.

"தாய்ஷியும் யாத்திரிகர்தானடி? யாத்திரிகருக்கு வழியில குடுக்குற காணிக்கைய அவர் வேணாங்கக் கூடாது. இப்ப சொல்லு, எது முதல்ல போய்ச் சேரும்?"

"பெரிசுதான், டீச்சர்."

இரண்டு பழமும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன.

"பாத்தியா? அவருக்குப் பெரிசு சிறிசுன்னு பாகுபாடு கெடையாது."

அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் ஆரஞ்சுதான்.

இப்போது மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நடை வகுப்பை முன்நின்று நடத்த ஆளில்லை, இந்த ஆண்டோடு நிறுத்திவிடலாம் என்று பள்ளியில் பேச்சு வந்தது. தலைமையாசிரியர் மேல் பிழையில்லை. ஆள் எங்கே என்று அவர் கேட்டபோது நாங்கள் எல்லோரும் மேசையைத்தான் பார்த்தோம். அந்தச் செய்தியை அம்மையாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் மருத்துவமனைக்குப் போனபோது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நீங்க நடத்துங்க, கசாய் சார்."

"எனக்குப் பிசிக்ஸ்னா டீ கோப்பை கைதவறி விழறது மட்டும்தான் தெரியும்."

"அது போதும். மிச்சத்த பிள்ளைங்க உங்களுக்குச் சொல்லித் தரும்."

மாட்டேன் என்றேன். அவர் கட்டிலோரம் கிடந்த யாத்திரிகர் கோரைத் தொப்பியை எடுத்து, என்னைக் குனியச் சொல்லி, தலையில் கவிழ்த்தார். நோயாளியின் ஆசை என்று நானும் அதைக் கழற்றவில்லை. அடுத்த நொடி என் இரண்டு கைகளிலும் கைக்கொரு ஆரஞ்சு.

"இப்ப நீங்க யாத்திரிகர். நான் குடுத்தத வேணாங்க முடியாது."

எப்பேர்ப்பட்ட சூழ்ச்சிக்காரி, பாருங்கள். நான் சிரித்தேன். வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு நாளில் அவர் போய்விட்டார்.

அந்தப் பழங்கள் இதோ, பெரிது ஒன்று, சிறிது ஒன்று. தோல் கொஞ்சம் சுருங்கிவிட்டது. தலைமையாசிரியர் அவர்களே, உங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. குரு அவர்களே, விரலால் மணியாட்டப் பழக நாளை காலை வருகிறேன், பிழைபட்டால் திட்டுங்கள். வசந்தம் பிறந்ததும் பிள்ளைகளோடு அந்தப் பாலத்தில் நிற்பேன். எது முதலில் விழும் என்று கேட்பேன்.

விடை தெரிந்த பழைய மாணவர்களும் வாருங்கள். வந்து, தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.