ஆறு மில்லிமீட்டர் இடைவெளி

கூன் போட்டுக்கிட்டு எழுதாதீங்க சார், இடுப்பு போயிடும். நாற்காலியை முன்னால இழுத்துக்கங்க. இருபது வருஷமா பிசியோதெரபி பார்க்கிறேன், கண்ணுல பட்டா சொல்லாம இருக்க முடியல.

செத்தவர் என் கூடப்பிறந்த அண்ணன். வாக்குமூலத்துல முதல்ல அதை எழுதிக்கங்க.

முதுகெலும்புல ஒவ்வொரு எலும்பும் அடுத்ததோட ரெண்டு சின்ன மூட்டுல கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். எங்கம்மாவுக்கு இடுப்புல அந்த மூட்டு தேய்ஞ்சு, எலும்பு நழுவி நரம்பை அழுத்திச்சு. ஆபரேஷன் பண்ணா நடப்பாங்கன்னு டாக்டர் சொன்னார். அண்ணன் வேண்டாம்னு தலையை ஆட்டிட்டார். "வயசானா அப்படித்தான். நீ என்ன டாக்டரா? தைலம் தடவுறவதானே?" அவர் பேச்சை மீறி அந்த வீட்டுல ஒண்ணும் நடக்காது. பதினாலு மாசம் அம்மா படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண். நான் புரட்டிப் போடுவேன், அவர் வாசப்படியில நின்னு மூக்கைப் பொத்திக்குவார். அப்படியே செத்துப் போனாங்க.

போன மாசம் அவர் மாடிப்படியில உருண்டுட்டார். கழுத்துல பட்டையோட, வெட்கமே இல்லாம என்கிட்டயே வந்தார். புதுசா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். அதைப் பார்க்காம நாங்க கழுத்தைத் தொட மாட்டோம்.

ரெண்டாவது கழுத்தெலும்புல ஒரு முளை நிக்கும். அவர் வேண்டாம்னு தலையை ஆட்டினாரே, அந்தத் தலை திரும்புறது அந்த முளை மேலதான். முதல் எலும்போட அதை இழுத்துப் பிடிச்சிருக்கிறது ஒரே ஒரு தசைநார். இடைவெளி மூணு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். படத்துல ஆறு. நார் அறுந்திருச்சு. குனிஞ்சா முளை தண்டுவடத்தை நசுக்கிடும். உடனே சர்ஜனுக்கு போன் போட்டிருக்கணும். படத்தை மேஜை டிராயர்ல வெச்சு மூடினேன்.

"எல்லாம் சரியாயிருச்சுண்ணே, பட்டையைக் கழட்டிடுங்க"ன்னேன். வாயெல்லாம் பல்லா அவரே கழட்டினார்.

"தாடை நெஞ்சுல படுற மாதிரி குனிங்க."

"வலிக்குமாம்மா?"

வலிக்காதுன்னேன். என் வாழ்நாள்ல அன்னிக்குத்தான் அவர் என்னைச் சொந்தத் தங்கச்சியா நினைச்சு கேட்டார்.

கொலைன்னு மட்டும் எழுதாதீங்க சார். என் ரெண்டு கையும் கோட்டுப் பையில இருந்துச்சு, நான் அவரைத் தொடவே இல்ல. அவரேதான் குனிஞ்சார். பாதி குனிஞ்சதும் கை மரத்துப்போகுதுன்னு சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் குனிங்கண்ணே"ன்னு நான் சொன்னது அதுக்கப்புறம்தான்.