மேல் டிவிசன் மழைமானி

எனக்கு மழை பிடிக்காது, ஐயா. உடனே சளி பிடித்துவிடும். விசாரணைக்கு வந்திருக்கிற உங்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாவிட்டால் யாருக்கும் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. முன்பெல்லாம் கங்காணி மரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போது மழைமானி கொழும்பு ஹெட் ஆபீசுக்குச் சொல்லும், கொழும்பு கங்காணியின் போனுக்குச் சொல்லும்.

மழை நாட்களில் மட்டும் விஜயகலா ஆபீசுக்கு டைப்பிங் பழக வருவாள். பால் வெட்டுகிற பிள்ளை, முன்னேற ஆசைப்பட்டாள். உதவாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் தைப்பொங்கல் முடிந்ததும் ஒரே வெயில்.

ஆகவே, இல்லாத மழைமானியை இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் சின்ன டிரைவர் புரோகிராம் ஒன்றை எழுதினேன். முதலில் உண்மையான மழைமானியின் எண்ணையே அதற்கும் போட்டுத் தொலைத்தேன். ஒரே எண்ணில் வெயிலும் மழையும் போனால் கொழும்பு என்ன செய்யும், இரண்டையும் தள்ளிவிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் வேறெதற்கும் இல்லாத தனி எண் வேண்டுமாம். சரி, முறைப்படியே ஈமெயிலில் கேட்டேன்: மேல் டிவிசனுக்கு மழைமானி ஒன்று. தேத்தண்ணி ஆறுவதற்குள் எண் வந்துவிட்டது. கருவி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

எந்த மழைமானி மழை காட்டினாலும் வெட்டு நிற்கும். மறுநாள் கங்காணி நல்லையா காய்ந்த மரத்தைத் தடவினார், வானத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"கொழும்பு சொன்னா மழதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

அதன் பிறகு அடிக்கடி பெய்யவைத்தேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை வேகமாகப் பழகும்போது பாதியில் விட முடியுமா? பால் வெட்டுகிற மூக்காயி அக்கா வீட்டில் ராத்திரிக்கும் வெறும் தேத்தண்ணிதான் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வயதில் உடம்புக்கு ஓய்வு வேண்டும்.

ஒருநாள் விஜயகலா டைப்பிங்கை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இங்க பேரே விழ மாட்டேங்குது, அண்ணே. அம்மாவ வச்சிக்கிட்டு எப்புடி? அவிசாவளை கார்மெண்ட்ல ஆபீஸ் வேல கெடச்சிருச்சி, நீங்க பழக்குன டைப்பிங்காலதான். சனிக்கிழம போறேன்."

அண்ணே என்றது மரியாதைக்காக. அன்றே இரண்டாவது எண் கேட்டு எழுதினேன், தோட்டத்துப் பாலத்துக்கு நீர்மட்டக் கருவி என்று. அதுவும் வந்தது. சனிக்கிழமை காலை, ஆற்றில் வெள்ளம் என்று அந்தக் கருவி சொன்னது. வாச்சர் பாலத்துக் கேட்டைப் பூட்டினார். பஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது.

ஆமாம் ஐயா, மழையும் நான்தான், வெள்ளமும் நான்தான். எல்லாம் அவளுடைய நன்மைக்காக.

அவள் ஆற்றைப் பார்த்தாள். கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கடந்தாள். நான் கரையில்தான் நின்றேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளத்துக்குப் பயந்திருப்பாள்.