ஒருமுறைகூட விழாத நோயாளி

அந்த நாற்காலி வேண்டாம் சார், பின்கால் ஆடும். இதில் உட்காருங்கள். நீங்கள் விழுந்து வைத்தால் அதையும் விபத்துப் பதிவேட்டில் நான்தான் எழுத வேண்டும். பதினொரு மாதமாக ஒரு வரிகூட ஏறாத பதிவேடு அது.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாலதி, வயது ஐம்பத்திரண்டு, ஊர் புவனகிரி. 'அருகிருப்பு' இல்லப் பராமரிப்பு நிறுவனத்தின் சிதம்பரம் கிளைக்கு மேற்பார்வையாளர். வீட்டோடு கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்ட, சோறூட்ட, மருந்து கொடுக்க ஆள் அனுப்புகிறோம். என் கீழே முப்பத்தொரு பெண்கள் இருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பதிவு ரத்தானால் முப்பத்தொரு வீட்டில் உலை வைக்க வழியில்லை. நான் செய்ததெல்லாம் அவர்களை நினைத்துத்தான்.

கனகசபேசன் ஐயா மேல வீதியில் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் பிரியம்வதா பெங்களூரில். வீட்டில் ஐயாவும் எங்கள் ஸ்ரீமதியும் மட்டும்தான். படிவத்தில் 'எழுந்து நடக்க இயலாதவர், நான்கு ஆண்டுகளாகப் படுக்கை' என்று எழுதியிருந்தோம். உண்மையில் ஐயா சக்கர நாற்காலியில் ஜம்மென்று உட்காருவார். ஆனால் எல்லா ஏஜென்சியும் நோயை ஒரு படி தூக்கித்தான் எழுதுகிறது. நாங்கள் மட்டும் சரியாக எழுதினால் எங்கள் நோயாளிகளெல்லாம் ஆரோக்கியமாகத் தெரிந்து கேவலமாகிவிடும்.

போன மார்கழித் தேரோட்டத்தன்று ஐயா குழந்தை போல் அடம்பிடித்தார். ஸ்ரீமதி மனம் இரங்கி, தெற்கு வீதிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். தேர் வந்து நின்றது. அதைச் சுற்றி ஜனம் நின்றது. ஐயா நடுவில் மாட்டிக்கொண்டார். அன்றைக்குச் சிதம்பரத்தில் ஈ எறும்புகூட நினைத்த இடத்துக்குப் போக முடியாது. அன்று போனால்தான் லட்சணம் தெரியும் என்று நீங்களும் கடலூரிலிருந்து முன்னறிவிப்பில்லாத ஆய்வுக்கு வந்து, ஜீப்பைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, "நடந்து வர்றேம்மா, கால் மணி நேரம் ஆவும்" என்று போன் செய்தீர்கள். முன்னறிவிப்பில்லாத ஆய்வில் அந்த அறிவிப்பைக் கொடுத்தது உங்கள் பெருந்தன்மை.

நான் அப்போது ஐயா வீட்டில் இருந்தேன்; என் வீட்டுக்காரர் தங்கராசு எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தொன்று. ஐயாவைவிட ஒன்பது வயது இளையவர், ஆனால் மூன்று நாள் சவரம் செய்யாத நரைத்தாடி அந்த ஒன்பதை ஈடுகட்டிவிட்டது.

"மாமா, ஒரு பத்து நிமிஷம் இந்தக் கட்டில்ல படுங்க. வாயத் தொறக்காதீங்க" என்றேன்.

"என்னா மாலதி, சாம்பாரு ஆறிப்போவுது" என்றவர், படுத்துவிட்டார். நான் சொன்னதை அவர் தட்டியதே இல்லை. அது அவருடைய நல்ல குணம்.

நீங்கள் அடையாள அட்டையைப் பார்த்தீர்கள், முகத்தைப் பார்த்தீர்கள். அந்த அட்டைப் படத்தில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்? பிறகு முதுகைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று தேடினீர்கள். கெண்டைக்காலை அமுக்கினீர்கள். அது இருபத்தொன்பது வருஷம் பிரேக் மிதித்த கால். "நாலு வருசமா படுத்த ஆளுக்கு இப்டி ஒரு தசையா! இதாம்மா கவனிப்பு" என்று சொல்லி, முதல் தரம் போட்டு, அவரை மாவட்டத்தின் முன்மாதிரி நோயாளியாக அறிவித்துவிட்டுப் போனீர்கள். வியாழன்தோறும் பயிற்சிப் பெண்கள் வந்து பார்ப்பார்கள், மற்ற நாளிலும் யாராவது எப்போது வேண்டுமானாலும் வருவோம் என்றீர்கள். நீங்கள் அமுக்கியது யாருடைய கால் என்பதை உங்கள் அறிக்கையில் எப்படி எழுதுவீர்களோ, அது உங்கள் பாடு.

அடுத்த வாரமே பிரியம்வதா வந்து அப்பாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டார். ஐயா போய்விட்டார், கோப்பு போகவில்லை. முதல் தரம் வாங்கிய கோப்பை எப்படி மூடுவது? முகவரி மாற்றப் படிவம் கொடுத்து, கட்டிலை இந்த வீட்டின் பின்னறைக்குக் கொண்டுவந்தேன். தெருவில் கேட்டவர்களிடம், வீட்டுக்காரர் குறிஞ்சிப்பாடியில் தம்பி வீட்டில் இருக்கிறார், உள்ளே இருப்பது எங்கள் நோயாளி என்று சொன்னேன். ஸ்ரீமதியையே அவருக்குப் போட்டேன், பழகிய கை என்று.

முதல் மாதம் மாமாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. படுக்கையில் காபி, படுக்கையில் டிவி. வியாழக்கிழமை பெண்கள் வந்து வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, நகம் வெட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இவ்வளவு செய்யவில்லை என்று சிரித்தார். மாசி பிறந்ததும் ஆரம்பித்தார். காலையில் வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் நடந்து, அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வருவது அவர் வழக்கம்.

"பாலம் வரைக்கும் போய்ட்டு ஓடியாந்துர்றேன் மாலதி. கால் மரத்துக் கெடக்குது."

"யாராச்சும் வந்துட்டா என்ன மாமா பண்றது? முப்பத்தோரு பொண்ணுங்க சோறு."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எப்படியும் இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டியதுதான், அந்த முறைக்கு ஸ்ரீமதிக்கு வேலை மிச்சம்.

விதிமுறைப் புத்தகத்தை நான் மீறியதே இல்லை சார். கட்டிலின் பக்கக் கம்பி எப்போதும் உயர்ந்திருக்க வேண்டும், உயர்த்தினேன். நோயாளி அருகில் வழுக்கும் காலணி கூடாது, அவர் செருப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். சித்திரையில் அவர் கம்பியைத் தாண்டப் பார்த்தார். அப்போது மணிக்கட்டில் கட்டியது பழைய வேட்டித் துணி, புத்தகம் சொன்னபடி மென்மையானது. மருந்தும் அப்படித்தான். கனகசபேசன் ஐயாவின் டாக்டர் சீட்டில் காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, தூங்குவதற்கு இரண்டு என்று இருந்தது. கொடுக்காமல் விட்டால் மருந்துப் பதிவேட்டில் கட்டம் காலியாகத் தெரியும். கொடுத்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அவர் உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்டீர்களே. சொன்னார் சார், வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்காகத்தான் படிவத்தின் மனநிலைப் பகுதியில் முன்பே எழுதி வைத்திருந்தேன்: 'தன்னைப் பஸ் டிரைவர் என்று நம்புகிறார். நடக்க முடியும் என்று நம்புகிறார். மேற்பார்வையாளரைத் தன் மனைவி என்கிறார்.'

"பாப்பா, நான் தங்கராசு. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இவ எம் பொண்டாட்டிதான்" என்று பயிற்சிப் பெண்களிடம் அழுவார்.

"ஆமாங்கய்யா, ஆமா. சாப்டீங்களா?" என்பார்கள். குழம்பியவரோடு வாதம் செய்யக் கூடாது, ஆமாம் போட்டுப் பேச்சை மாற்ற வேண்டும் என்பது பாடம். புவனகிரிப் பெண்கள், குறிஞ்சிப்பாடிப் பெண்கள் எல்லாருமே அருமையாகச் செய்தார்கள். உங்களிடமும் ஆடி மாதம் சொன்னார். நீங்கள் தோளில் தட்டிக்கொடுத்து, "எந்த ரூட்டு ஓட்டுனீங்கய்யா?" என்று கேட்டீர்கள். "கடலூர் – சிதம்பரம்" என்றார். எவ்வளவு விவரமான குழப்பம் என்று என்னிடம் வியந்தீர்கள்.

ஸ்ரீமதிதான் ஒருநாள், "அக்கா, மாமா பாவம்க்கா. காலு குச்சியாட்டம் ஆயிட்டுது" என்றாள். நோயாளியிடம் பாசம் ஜாஸ்தி வைக்கக் கூடாது என்று அவளுக்கு ஒருநாள் தனியாக வகுப்பெடுத்தேன். அவளுக்கு இதில் வேறு பங்கில்லை, அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. முதுகைத் துடைத்துவிடும்போது எனக்கே கண் கலங்கும். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் அவரை இவ்வளவு கவனித்ததில்லை. ஒரு புண் இல்லை, ஒரு சிராய்ப்பு இல்லை. ஒருமுறைகூட விழவில்லை. நிற்காத ஆள் எங்கே விழுவார் என்று கேட்பீர்கள். உங்கள் படிவத்தில் நாற்பத்து மூன்று கேள்வி இருக்கிறது, அந்தக் கேள்வி இல்லை.

பிறகு கனகசபேசன் ஐயா பெங்களூரில் காலமானார். தூரத்து ஊர், யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். அவரிடம் படித்தவர்கள் ஊரெல்லாம் இருப்பதை நான் நினைக்கவில்லை. உங்கள் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். முழுப்பெயர், முன்னாள் தலைமையாசிரியர், மேல வீதி, பெரிய படம். ரயிலைவிட்டு இறங்கிய நீங்கள் அதைப் பார்த்தீர்கள். அன்றைக்கு நான் அனுப்பிய அறிக்கையில் ஐயா மூன்று இட்லி சாப்பிட்டிருந்தார்.

நேற்று நீங்களே வந்து பக்கக் கம்பியை இறக்கி, "தங்கராசு, எழுந்திருங்க" என்றீர்கள். வெளியாள் ஒருவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டு அவருக்கு எத்தனை மாதம். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. முதலில் கையால் தலையை வாரிக்கொண்டார், டூட்டிக்குக் கிளம்புகிறவர் மாதிரி. இரண்டு காலையும் தரையில் வைத்தார். எழுந்தார். முட்டி இரண்டும் மடங்கின. நீங்கள் தாங்கிப் பிடித்தீர்கள். மறுபடி முயன்றார், மறுபடி மடங்கின. தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உங்களை விட்டுவிட்டு, என்னிடம்தான் கேட்டார்.

"பாலம் வரைக்கும் வேணாம் மாலதி. வாசப்படி வரைக்கும் போய்ட்டு வந்துடட்டுமா?"

டாக்டர் பார்த்துவிட்டு, இனி அந்தக் கால் தேறுவது கஷ்டம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் நகல் உங்களிடம் இருக்கிறது.

கட்டிவைத்தது நான்தான். அடுத்தவர் மாத்திரையைக் கொடுத்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஆனால் 'பொய்த் தகவல் அளித்தார்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். 'எழுந்து நடக்க இயலாதவர்' என்று அன்றைக்கு எழுதியதையும் டாக்டர் இப்போது கொடுத்த சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பொய் எழுதவில்லை சார், கொஞ்சம் சீக்கிரமாக எழுதிவிட்டேன்.