அந்த ஐந்து பேர்

"இனிக் கடலால வந்து இறங்குற ஆமியெல்லாம் நம்மட மாதிரி சின்னப் போட்டிலதான் வருமாம்."

மண்டூருக்குப் போகும் பாதைப்படகுக்காகக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்றவர் கைபேசியில் வீடியோ பார்த்தபடி சொன்னார். பக்கத்தில் வலைப்பையோடு நின்றவர் சிரித்தார்.

"பெரிய கப்பல் இருக்குதானே மச்சான்?"

"அதெல்லாம் முடிஞ்சுது. ஒரு ட்ரோன் அடிச்சாக் கடலுக்கடியில தாண்டுபோகும். அதுதான் ஐஞ்சு ஐஞ்சு பேராப் பிரிச்சு, மீன்பிடிப் போட்டில அனுப்ப யோசிக்கிறாங்களாம்."

"நாங்களும் கடலுக்கு ஐஞ்சு பேர்தானே போறம்."

"ஓம்."

"வெள்ளாப்புல, இருட்டோட, லைட்டும் போடாம."

"ஓம், அதுக்கென்ன?"

வலைப்பைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மேல பறக்கிற ட்ரோனுக்கு நாங்க ஆரெண்டு எப்பிடித் தெரியும்?"

மற்றவர் வீடியோவை நிறுத்தினார்.

"மச்சான், நாளைக்கு அந்த ஐஞ்சில ஒராள் உன்ட மகன்."