பதினைந்தாம் லோடின் ஃபைல்

அன்று கம்ப்யூட்டர் அறையில் நான்கு பேர் இருந்தோம். நான், என் மகன் காளிராஜ், பாய்லர் பார்க்கும் தவசிமுத்து, என் தங்கை மகள் பரிபூரணம். ஏ.சி. அறை என்பதால் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டிருந்தோம்.

இராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் கம்பெனிக்கு இரண்டு தலைமுறைப் பெயர் உண்டு. ஒவ்வொரு லோடு துணியையும் கிருமி சாக நீராவியில் வேகவைக்கும்போது, ஏறி இறங்கும் சூட்டை நிமிடவாரியாக ஒரு ஃபைலில் பதிவோம். இரண்டு லோடுக்கு ஒரே பதிவு வரவே வராது.

முந்தின நாள் பரிபூரணம் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சிறு புரோகிராம் எழுதிக் காட்டினாள்.

“எல்லா ஃபைலையும் முழுசாப் படிச்சா மெஷின் திணறும் மாமா. மொதல்ல அளவைப் பார்க்கும். அளவு வேறன்னா தொறக்கவே தொறக்காது. ஒண்ணா இருந்தாத்தான் துண்டு துண்டா ஒப்பிடும். ஒரு எழுத்து மாறினாலும் அங்கனயே நின்னு ‘வேறு’ன்னுரும்.”

பதினான்காம் லோடும் பதினைந்தாம் லோடும் ‘ஒன்றே’ என்று வந்தது. பதினைந்தைக் காளிராஜ் வேகவைக்கவே இல்லை, பழைய ஃபைலைக் காப்பி எடுத்து வைத்துவிட்டான் என்றாள். அந்தத் துணி பெட்டி பெட்டியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.

“இன்னைக்கே திரும்ப வாங்கணும் மாமா.”

நாளை எல்லார் முன்னாலும் ஓட்டிக்காட்டு என்றேன். அது நியாயம்தானே.

மறுநாள் ‘வேறு’ என்று வந்தது. மூன்று தடவை ஓட்டினாள்.

“ஏட்டி, நேத்து ஒன் மெஷினு கனாக் கண்டுச்சா?” என்று காளிராஜ் சிரித்தான்.

“அன்னைக்கு பாய்லர் ரிப்பேருங்க மொதலாளி...” என்று தொடங்கிய தவசிமுத்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பரிபூரணத்தைக் காளிராஜிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவளும் கேட்டாள்.

பெட்டிகள் திரும்பி வரவில்லை. அவள் அக்காள் சண்முகத்தாய்க்கு அதே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம்; இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் மற்றவர்களுக்குப் போட்டே பெட்டிகள் தீர்ந்துவிடும் என்று எண்ணினேன். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தீங்கு வர நான் விடுகிறவன் அல்ல.

எட்டாம் நாளே வலி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். புண் சீழ்வைத்தது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. குழந்தைக்கு அவள் முகம்.

பரிபூரணத்தின் புரோகிராம் பிசகியதால்தான் அக்காள் செத்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அவளும் அப்படித்தான் நம்புகிறாள். அது உண்மையல்ல. புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்தது. முந்தின நாள் சாயங்காலம் அவள் பஸ் ஏறிய பிறகு, பதினைந்தாம் ஃபைலில் 121 என்று இருந்த ஓரிடத்தை 122 ஆக்கியவன் நான்.